ரிசல்ட் வரும்வரை என்ன செய்வது?

கேள்வி: கணவருக்குத் திசுப் பரிசோதனைக்கு எடுத்திருக்கிறார்கள். ரிசல்ட் வரப் பத்து நாள் ஆகுமாம். தினமும் சாமி கும்பிடுகிறேன். கும்பிட்டு எழுந்த அடுத்த நிமிஷமே 'கெட்டதாக வந்துவிட்டால்?' என்று நெஞ்சு படபடக்கிறது. என் பக்தியில்தான் குறையா?

பக்தியில் ஒரு குறையும் இல்லையம்மா. காத்திருப்பதன் குணமே அது. நர்ஸாக இருந்த காலத்தில், ரிசல்ட் மோசம் என்று தெரிந்த அன்றிரவு அசந்து தூங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முந்தைய இரவு அவர்கள் கண்ணே மூடியிருக்க மாட்டார்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள், 2016-ல் வெளியானது. 45 பேருக்கு ஒரு கணினி விளையாட்டு: பாறைக்கு அடியில் பாம்பு இருக்கிறதா, இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சுருக்கென்று மின்சாரம் பாயும். வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்தார்கள். ஷாக் நிச்சயம் என்று தெரிந்தபோதுகூட அவ்வளவு பதற்றமில்லை. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றபோதுதான் உச்சத்துக்குப் போனது. நீங்கள் இப்போது நிற்பது அந்த இடத்தில்.

நல்லபடியாக வரவேண்டும் என்று கேளுங்கள், தாராளமாக. ஆனால் ஒரு தடவை கேட்டால் போதும். திரும்பத் திரும்பக் கேட்கும்போது மனசு ஒவ்வொரு முறையும் கெட்ட ரிசல்ட்டை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறது. கேட்டு முடித்ததும், எதையும் கேட்காத ஒரு நாமத்தையோ வரியையோ எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சு வெளியே போகும் நீளத்துக்கு ஒருமுறை, அவசரமில்லாமல் சொல்லுங்கள். இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி என்ற மருத்துவரின் குழு, 23 பேரை லத்தீனில் ஜெபமாலையும் 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரமும் சொல்லவைத்துப் பார்த்து, 2001-ல் எழுதியது. இரண்டிலுமே மூச்சு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 6 என்று இறங்கியது. இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் அதே தாளத்துக்கு வந்தது. கடவுள் கேட்கிறாரா என்பது அந்த ஆய்வின் வேலை இல்லை. உங்கள் உடம்பு கேட்கிறது என்பதுவரை தெரிகிறது. படபடப்பு இருந்தால் இருக்கட்டும், அதோடேயே சொல்லுங்கள்.

இன்னொன்று, இது நர்ஸ் புத்தி: ரிசல்ட் எந்த நாளில் வரும், யார் சொல்வார்கள், போனிலா நேரிலா என்று இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். பதற்றத்தில் பாதி, போன் அடிக்கும் ஒவ்வொரு முறையும் தூக்கிவாரிப் போடுவதால் வருகிறது.

கேள்வி: எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. வேலை நிலைக்குமா என்று தெரியாத நிலை. தியானச் செயலி போட்டும் மனசு ஒரு நிமிஷம் நிற்கவில்லை.

நிற்காது சார். அதை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் இந்தத் தியானப் பயிற்சியைத் தொடங்கியபோது, அவரிடம் வந்தவர்களில் பலர் நாட்பட்ட வலியோடு வந்தவர்கள். பௌத்த தியானத்திலிருந்து எடுத்து, மத அடையாளமில்லாமல் 8 வாரப் பயிற்சியாக்கினார். வலி எங்கே இருக்கிறது, கூடுகிறதா, குறைகிறதா என்று பார்ப்பதுதான் பாடம். 'வேலை போய்விடும்' என்று வந்தால் 'பயம் வந்திருக்கிறது' என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, செய்துகொண்டிருந்ததற்குத் திரும்புங்கள். நூறு தடவை ஓடினால் நூறு தடவை திரும்புவதே பயிற்சி.

உட்கார முடியவில்லையா, கை கழுவுங்கள். வார்டில் ஒரு படுக்கையிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் எனக்குக் கிடைத்த ஒரே இடைவெளி அதுதான். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகநுனி. முறையாகச் செய்தால் 40 முதல் 60 விநாடி. தண்ணீரின் சூடு, சோப்பின் வழுக்கல், அவ்வளவுதான் கவனிக்க வேண்டியது. அடுத்த நோயாளியிடம் முந்தைய நோயாளியின் முகத்தைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க எனக்கு இது உதவியது.

ஆனால், கையிருப்பு எத்தனை மாசம் தாங்கும் என்பதைத் தியானம் சொல்லாது. அதைத் தாளில் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: வேறு மதத்துத் தியானத்தைச் செய்தால் பாவமா?

உங்கள் மதத்திலேயே இருக்கிறதே! ஜெபமாலை, முஸ்லிம்கள் சொல்லும் திக்ரு, நாமஜபம் என்று எல்லா வீட்டிலும் ஒன்று உண்டு. மனசு உறுத்தினால் அதையே செய்யுங்கள்.

கேள்வி: கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் மூச்சு முட்டுகிறது.

அப்படியானால் மூடவேண்டாம், மூச்சையும் விட்டுவிடுங்கள். சிலருக்கு, முக்கியமாகப் பெரிய அதிர்ச்சியைக் கடந்து வந்தவர்களுக்கு, இப்படி ஆவதுண்டு. கண்ணைத் திறந்தபடியே நடந்து, பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள். இல்லையென்றால் காதில் விழும் சத்தங்களை. அதிலும் பதற்றம் கூடினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கம் வாரக்கணக்கில் கெட்டாலும் அப்படியே. 'இருந்து என்ன பயன்' என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், விடியட்டும் என்று இருக்காமல் வீட்டில் யாரையாவது எழுப்பிச் சொல்லி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.