கேள்வி நேரம்: காட்ஸில்லாவை எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஜப்பானின் பழைய ராட்சத மிருகப் படங்கள் பற்றி வந்திருக்கும் கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: ‘காட்ஸில்லா வெர்சஸ் காங்’ தமிழ் டப்பிங்கில் பார்த்தேன். அதிலிருந்து பழைய ஜப்பானியப் படங்களையும் பார்க்க ஆசை. ஆனால் பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எதில் தொடங்கலாம், எதை விட்டுவிடலாம்?
வாசகர், திருப்பூர்

ப: டோஹோ நிறுவனத்தின் காட்ஸில்லா படங்கள் 2023 வரை 33. வந்த வரிசையிலேயே பார்ப்பேன் என்று பிடிவாதம் வேண்டாம். இரண்டாவது படத்திலேயே சலித்துவிடும். முதல் படம் ஓடியதும், ஆறு மாதத்துக்குள் அவசரமாக எடுத்து 1955-ல் இறக்கிய படம் அது.

முதல் படத்தை மட்டும் தவறவிடாதீர்கள். 1954 நவம்பர் 3-ல் வெளியானது. கறுப்பு வெள்ளை, 96 நிமிடம், இயக்கம் இஷிரோ ஹோண்டா. சண்டைப் படம் என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். அந்த ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ‘டைகோ ஃபுகுரியூ மாரு’ என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. படகில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள்; செப்டம்பரில் ஒருவர் இறந்தார். நவம்பரில் தியேட்டருக்குப் போனவர்கள் திரையில் முதலில் பார்த்தது, கடலில் ஒரு கப்பல் திடீர் ஒளியில் எரிந்து மூழ்குவதைத்தான். யாருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

நடுவில் மின்சார ரயிலில் ஒரு சின்னக் காட்சி வரும். செய்தித்தாள் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும் பயணிகளில் ஒரு பெண், கதிர்வீச்சுப் பட்ட மீனையும் மழையையும் சொல்லி, நாகசாகியில் தப்பிப் பிழைத்துவந்த தனக்கு இப்போது காட்ஸில்லாவுமா என்று அலுத்துக்கொள்வார். அரை நிமிடம்கூட இருக்காது. படத்தின் உயிர் அங்கே இருக்கிறது. ரயில் காட்சி வரும்போது போனைக் கீழே வையுங்கள்.

அடுத்து ‘மோத்ரா’ (1961). அது காட்ஸில்லா இல்லாத, ராட்சத அந்துப்பூச்சியின் கதை, வண்ணப் படம். அதைப் பார்த்துவிட்டு ‘மோத்ரா வெர்சஸ் காட்ஸில்லா’ (1964). பழைய வரிசையில் திரைக்கதை, மினியேச்சர் (சிறிதாகச் செய்த மாதிரிக் கட்டடங்கள்), இசை மூன்றும் ஒழுங்காகக் கூடிவந்த படம் இதுதான் என்பது எங்கள் கட்சி. அதே 1964 டிசம்பரில் வந்த ‘கிடோரா, தி த்ரீ ஹெட்டட் மான்ஸ்டர்’ இதன் தொடர்ச்சி. இடம் மாற்றிப் பார்க்காதீர்கள். பிறகு ‘இன்வேஷன் ஆஃப் அஸ்ட்ரோ மான்ஸ்டர்’ (1965). இந்த ஐந்தும் பிடித்துவிட்டால் ‘ரோடான்’ (1956), ‘வார் ஆஃப் தி கார்காஞ்சுவாஸ்’ (1966), ‘டெஸ்ட்ராய் ஆல் மான்ஸ்டர்ஸ்’ (1968) என்று எந்தப் பக்கமும் போகலாம். ஐந்துமே ஒட்டவில்லை என்றால் மிச்சமும் ஒட்டாது. விட்டுவிடுங்கள்.

1972, 1973-ல் வந்த இரண்டையும் (கைகன், மெகலான்) கடைசிக்குத் தள்ளுங்கள். பணம் சுருங்கிய காலம் அது. பழைய படங்களின் இடிபாட்டுக் காட்சிகளையே வெட்டி ஒட்டியிருப்பார்கள். முன்னதைப் பார்த்தவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

காங் படத்தில் நீங்கள் பார்த்த இயந்திரக் காட்ஸில்லா முதலில் வந்தது 1974-ல். அதன் அடுத்த பாகம் ‘டெரர் ஆஃப் மெக்காகாட்ஸில்லா’ (1975). ஹோண்டா இயக்கிய கடைசி காட்ஸில்லா படம். பழைய வரிசையின் 15 படங்கள் அதோடு முடிகின்றன.

கே: என்னிடம் இருக்கும் முதல் காட்ஸில்லா படத்தில் ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளர் கதை சொல்கிறார். 80 நிமிடம்தான் ஓடுகிறது. இது அசல்தானா?
வாசகி, யாழ்ப்பாணம்

ப: இல்லை. அது 1956-ல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘காட்ஸில்லா, கிங் ஆஃப் தி மான்ஸ்டர்ஸ்!’. ரேமண்ட் பர் நடித்த காட்சிகளைத் தனியாக எடுத்து நடுவில் செருகி, ஜப்பானியக் காட்சிகளைக் குறைத்துவிட்டார்கள். அணுகுண்டைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி அதில் போயிற்று. 96 நிமிடம் ஓடுவதுதான் அசல்.

எந்தப் படமானாலும் முதலில் ஓடும் நேரத்தைப் பாருங்கள். ‘கிங் காங் வெர்சஸ் காட்ஸில்லா’ (1962) ஜப்பானியப் பிரதி 97 நிமிடம், அமெரிக்கப் பிரதி 91. ஆறு நிமிடம்தானே என்று விடாதீர்கள். செய்தி வாசிப்பவர் உட்கார்ந்து பேசும் காட்சிகளை அமெரிக்கர்கள் புகுத்தியிருக்கிறார்கள். அகிரா இஃபுகுபேயின் இசையில் பெரும்பகுதியைத் தூக்கிவிட்டு வேறு படங்களின் இசையைப் போட்டிருக்கிறார்கள். ஜப்பானியப் பிரதியிலும் இன்னொரு குழப்பம் உண்டு. 1969 டிசம்பர் முதல் டோஹோ நடத்திய குழந்தைகளுக்கான ‘சாம்பியன் ஃபெஸ்டிவல்’ காட்சிகளுக்காகப் பழைய படங்களை வெட்டிச் சுருக்கினார்கள். பேச்சு ஜப்பானிய மொழியில் இருந்தும் படம் கால் மணி நேரம் குறைந்தால் அந்தப் பிரதியாக இருக்கலாம்.

பெயரிலும் ஏமாறலாம். ‘ஜைகாண்டிஸ், தி ஃபயர் மான்ஸ்டர்’ என்று விற்பது 1955-ன் இரண்டாம் படம்தான். அதில் காட்ஸில்லாவின் உறுமலைக்கூடப் பல இடங்களில் மாற்றிவிட்டார்கள். ‘காட்ஸில்லா வெர்சஸ் தி திங்’ என்பது ‘மோத்ரா வெர்சஸ் காட்ஸில்லா’. ‘மான்ஸ்டர் ஜீரோ’ என்பது ‘அஸ்ட்ரோ மான்ஸ்டர்’. ‘காட்ஸில்லாஸ் ரிவெஞ்ச்’ என்பது ‘ஆல் மான்ஸ்டர்ஸ் அட்டாக்’. ஒரே படத்தை இரண்டு பெயரில் வாங்கி அவதிப்படாமல், ஆண்டை வைத்துத் தேடுங்கள்.

சப்டைட்டிலையும் ஒரு நிமிடம் சோதியுங்கள். திரையில் யாரும் பேசாத இடத்தில் வரிகள் ஓடினால், ஆங்கில டப்பிங் வசனத்தையே எழுத்தாக்கிப் போட்டிருக்கிறார்கள். ஜப்பானிய வசனத்தின் மொழிபெயர்ப்பு அல்ல.

கே: வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ப்ளூ-ரே டிஸ்க் என் பிளேயரில் ஓடவில்லை. டிஸ்க் பழுதா?
வாசகர், கோயம்புத்தூர்

ப: பழுதாக இருக்காது, மண்டலப் பூட்டு: ஒரு மண்டலத்து டிஸ்க் வேறு மண்டலத்து பிளேயரில் ஓடாதபடி வைத்த தடை. ப்ளூ-ரேயில் இந்தியாவும் இலங்கையும் ‘சி’ மண்டலம். ஜப்பானும் அமெரிக்காவும் ‘ஏ’. மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்களும் ‘ஏ’தான். டிவிடியில் கணக்கு வேறு: இந்தியா 5, ஜப்பான் 2, அமெரிக்கா 1. பல மண்டல டிஸ்க்குகளையும் ஏற்கும் பிளேயர் வாங்குவதுதான் நிரந்தர வழி. கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை மாற்றலாம், ஆனால் மொத்தம் ஐந்து முறைதான். ஐந்தாவதாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும்.

ஜப்பானிலேயே விற்கும் டிஸ்க்குகளில் பெரும்பாலும் ஆங்கில சப்டைட்டில் இருக்காது. 15 பழைய படங்களையும் ஒரே பெட்டியில் அமெரிக்க டிஸ்க் நிறுவனமான கிரைட்டீரியன் 2019-ல் வெளியிட்டது, எட்டு டிஸ்க். 1962 காங் படத்தின் ஜப்பானியப் பிரதி அதில் கடைசி டிஸ்க்கில், கூடுதல் பகுதியில் ஒளிந்திருக்கிறது. முதலில் கண்ணில் படுவது அமெரிக்கப் பிரதி.

டிவியில் ‘ஜூம்’ அமைப்பை அணைத்துவிட்டுப் பாருங்கள். 1962 முதல் 1975 வரையிலான காட்ஸில்லா படங்கள் அகலத்திரை, 2.35க்கு 1. மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருந்தால்தான் முழுப்படம். திரை நிறையத் தெரிந்தால் இரண்டு ஓரத்திலும் ஆளோ மிருகமோ வெட்டுப்பட்டிருக்கும். மூன்று மிருகம் நிற்கும் காட்சியில் நடுவில் இருப்பதுதான் முழுதாக மிஞ்சும். 1954, 1955 படங்களிலும் ‘ரோடா’னிலும் பட்டை இடமும் வலமுமாக வரும். அதுவும் சரியே.

கே: ரப்பர் உடைக்குள் ஆள் இருப்பது அப்பட்டமாகத் தெரிகிறது. இதை எப்படி ரசிக்கிறீர்கள்?
வாசகர், மதுரை

ப: ஆள் இருப்பதை மறைக்க முடியாது, மறந்துவிடச் செய்ய முடியும். அதற்கான கணக்கைத் தெரிந்துகொண்டு பார்த்தால், எந்தக் காட்சி ஜெயித்தது, எது சறுக்கியது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

கதைப்படி காட்ஸில்லாவின் உயரம் 50 மீட்டர். உடை சுமார் 2 மீட்டர். ஆகவே கட்டடங்கள் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு. இனி விழும் வேகம். 50 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் விழ சுமார் 3.2 விநாடி ஆகும்; 2 மீட்டரிலிருந்து 0.64 விநாடி. ஐந்து மடங்கு வித்தியாசம். அப்படியே படமெடுத்தால் மாளிகை அட்டைப்பெட்டி போலப் பொத்தென்று விழும். அதனால் கேமராவை வேகமாக ஓட்டி எடுத்து, சாதாரண வேகத்தில் திரையிடுகிறார்கள். முழுக் கணக்குப்படி விநாடிக்கு 24-க்குப் பதில் 120 ஃபிரேம் வேண்டும். அவ்வளவு வேகத்தில் எடுத்தால் உடைக்குள் இருப்பவர் தூங்குவது போலத் தெரியும். ஆகவே பெரும்பாலும் இரண்டு, மூன்று மடங்கோடு நிறுத்திக்கொண்டு, அவரை வேகமாக அசையச் சொன்னார்கள். 1955 படத்தில் சில சண்டைகளை நேர்மாறாகக் குறைந்த வேகத்தில் எடுத்திருக்கிறார்கள். இரண்டு மிருகமும் பரபரவென்று அடித்துக்கொள்வதைப் பார்த்தால் எடை என்பதே போய்விட்டது தெரியும்.

கணக்குக்கு அடங்காதவை இரண்டு: தண்ணீரும் நெருப்பும். துளியையும் சுடரையும் சிறிதாக்க முடியாது. கடல் காட்சியில் தெறிக்கும் துளி ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு தெரிகிறதே, அது அதனால்தான். சிறப்புக் காட்சிகளின் பொறுப்பாளர் எய்ஜி சுபுராயாவாலும் அதை முழுதாக வெல்ல முடியவில்லை.

1954 படத்தில் உயர் அழுத்த மின்கோபுரங்கள் உருகும் காட்சியை நிறுத்திப் பாருங்கள். அவை மெழுகால் ஆனவை. சூடான காற்றையும் ஸ்டுடியோ விளக்கின் வெப்பத்தையும் காட்டி உருக்கினார்கள். இரும்பு வெள்ளைச் சூட்டில் குழைந்து சாய்வது போலவே இருக்கும். உடையில் இருந்தவர் ஹருவோ நகாஜிமா. முதலில் செய்த உடை சுமார் 100 கிலோ. நடக்கவே முடியவில்லை என்று புதிதாக ஒன்று செய்து, பழையதை இரண்டாக வெட்டிக் கால்கள் மட்டும் தெரியும் காட்சிகளுக்கு வைத்துக்கொண்டார்கள். 1972 வரை அவரே காட்ஸில்லா.

இடிய வேண்டிய கட்டடம் இடியாமல் போவதும் உண்டு. ‘மோத்ரா வெர்சஸ் காட்ஸில்லா’வில் நகோயாக் கோட்டையின் மாதிரியில் நகாஜிமா மோதியும் அது சரியாக உடையவில்லை. எளிதில் நொறுங்கும்படி திரும்பச் செய்து எடுத்தார்கள்.

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். அந்த உறுமல் எந்த விலங்கின் குரலும் அல்ல. டபுள் பாஸ் வாத்தியத்தின் தளர்த்திய நரம்பை, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்துப் பதிவுசெய்து, வேகத்தை மாற்றி உருவாக்கினார்கள். இன்று எல்லோரும் காட்ஸில்லாவின் இசை என்று முணுமுணுக்கும் இஃபுகுபேயின் அந்த மெட்டு, முதல் படத்தில் மிருகத்துக்கானதே அல்ல. அதை எதிர்க்கப் போகும் படைகளுக்குத்தான் ஒலிக்கும்.

கே: எட்டு வயது மகனுக்கு எதைக் காட்டலாம்?
வாசகி, கிள்ளான்

ப: ‘கிடோரா’, ‘அஸ்ட்ரோ மான்ஸ்டர்’, ‘சன் ஆஃப் காட்ஸில்லா’ (1967). மூன்றாவதில் ராட்சதக் கும்பிடுபூச்சிகளும் சிலந்தியும் உண்டு; பூச்சிக்குப் பயப்படும் பிள்ளை என்றால் பக்கத்தில் இருங்கள். ‘ஆல் மான்ஸ்டர்ஸ் அட்டாக்’ (1969) சுமார் 70 நிமிடம்தான். பள்ளியில் சீண்டப்படும் சிறுவனின் கதை. பெரியவர்களுக்கு இழுவை, பிள்ளைகள் அப்படி நினைப்பதில்லை. சப்டைட்டில் வாசிக்க முடியாத வயதுக்கு ஆங்கில டப்பிங் தப்பில்லை.

முதல் படம் இப்போது வேண்டாம். சாவை எதிர்பார்த்துத் தெருவோரம் பிள்ளைகளை அணைத்திருக்கும் தாயும், மருத்துவமனைக் காட்சிகளும் பெரியவர்களுக்கே கனம். ‘காட்ஸில்லா வெர்சஸ் ஹெடோரா’வை (1971) அட்டைப்படத்தைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள்: அதில் மனிதர்கள் எலும்புக்கூடாகிறார்கள். ‘கார்காஞ்சுவாஸ்’ படத்தில் ஆளைப் பிடித்துத் தின்னும் காட்சி உண்டு.

கிள்ளானிலிருந்து எழுதியிருப்பதால் இதையும் சொல்லலாம். ‘மோத்ரா’வில் ‘தி பீநட்ஸ்’ இரட்டைச் சகோதரிகள் பாடும் பாட்டின் சொற்கள் இந்தோனேசிய மொழி. மலாய் தெரிந்த உங்கள் மகனுக்குப் பாதி புரிந்துவிடும்.

கே: 1975-க்குப் பிறகு வந்தவற்றையும் பார்க்க வேண்டுமா? கதைத் தொடர்ச்சி குழப்புகிறதே?
வாசகர், சேலம்

ப: 1984 படம், 1954-ஐத் தவிர மற்ற எல்லாவற்றையும் நடக்காததாகவே எடுத்துக்கொள்கிறது. அதிலிருந்து 1995 வரை ஏழு படங்கள் ஒரே கதை, வரிசையில் பாருங்கள். 1999 முதல் 2004 வரை ஆறு. 2003 படம் மட்டும் 2002 படத்தின் தொடர்ச்சி, மற்றவை தனித்தனி.

1984-ல் உயரத்தை 80 மீட்டராக்கினார்கள். டோக்கியோவில் வானளாவிய கட்டடங்கள் வந்துவிட்டன. 50 மீட்டர் மிருகம் அவற்றின் காலடியில் நின்றிருக்கும். 1991-ல் 100 மீட்டர். உடை அதே 2 மீட்டர்தானே? மினியேச்சர் ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஜன்னல், தெருவிளக்கு என்று நுணுக்கம் குறைந்ததைப் பழைய படத்தோடு ஒப்பிட்டால் பளிச்சென்று தெரியும்.

கே: பறக்கும் ஆமை கமேராவும் இதே கூட்டமா?
வாசகர், நாகர்கோவில்

ப: இல்லை, அது போட்டி நிறுவனமான டையேயின் படைப்பு, 1965. ஷுசுகே கனேகோ இயக்கிய 1995, 1996, 1999 படங்களில் தொடங்குங்கள். அவற்றின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். அதே டையே 1966-ல், ஒரே ஆண்டில், மூன்று ‘டைமாஜின்’ படங்களை எடுத்தது. கொடுங்கோலர்களைத் தண்டிக்க எழுந்து வரும் கற்சிலை. சிலை எழக் கடைசிவரை காத்திருக்க வேண்டும், காத்திருக்கலாம்.

கே: 1962 காங் படத்துக்கு ஜப்பானில் ஒரு முடிவு, அமெரிக்காவில் ஒரு முடிவு என்கிறார்களே?
வாசகர், புதுச்சேரி

ப: கட்டுக்கதை. இரண்டிலும் கடலிலிருந்து வெளியே வந்து நீந்திப் போவது காங்தான். கடைசியில் ஜப்பானியப் பிரதியில் இரண்டின் உறுமலும் கேட்கும். அமெரிக்கப் பிரதியில் காங்கினுடையது மட்டும்.