காசநோயும் நுரையீரல் புற்றுநோயும்: நீலகிரியிலிருந்து வந்த கேள்விகளுக்கு நெஞ்சுநோய் மருத்துவர் பதில்

கேள்வி (கோத்தகிரி): அப்பாவுக்கு 61 வயது. எஸ்டேட் வேலை, பீடிப் பழக்கம். சளியில் டிபி என்று வந்து மூன்று மாதமாக மாத்திரை தவறாமல் போடுகிறார். ஆனாலும் இளைத்துக்கொண்டே போகிறார், சளியில் இரத்தமும் வருகிறது. ஏன் டாக்டர்?

பதில்: மருந்துக்கு அடங்காத கிருமியாக இருக்கலாம் அம்மா. மறுபடி சளி கொடுத்துப் பாருங்கள். ஆனால் இந்த வயதுக்கும் பீடிக்கும் புற்றுநோயையும் சேர்த்தே தேட வேண்டும். சளியில் டிபி கிருமி இருந்தால் புற்றுநோய் இல்லை என்று அர்த்தமில்லை. இருமல், இரத்தம், எடை குறைவு எல்லாம் இரண்டுக்கும் பொது. பழைய டிபி தழும்பில் பல வருடம் கழித்துப் புற்று வருவதுண்டு. புற்றால் உடல் தளர்ந்து, உறங்கிக் கிடந்த கிருமி எழுவதும் உண்டு.

குன்னூரில் கொழுந்து பறித்த ஓர் அம்மாவின் இரண்டு எக்ஸ்ரேக்களை ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சுற்றியிருந்த திட்டுகள் கரைந்திருந்தன. நடுவில் இருந்த ஒரு நிழல் மட்டும் பெருத்து, ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது. புற்றைச் சந்தேகிக்க வேண்டிய நிழல் அது. சளியில்தான் கிருமி நின்றுவிட்டதே, இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். அந்த ஒரு மாதம் இன்றும் எனக்கு வலிக்கிறது.

நீங்கள் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே பழைய எக்ஸ்ரேயோடு போய் சிடி ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். குரல் கம்மியிருந்தாலோ விரல் நுனி உருண்டு பருத்திருந்தாலோ அதையும் சொல்லுங்கள். டிபி மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி (கூடலூர்): இரண்டும் இருந்தால் எதற்கு முதலில் மருந்து?

பதில்: பெரும்பாலும் டிபி மருந்தைத் தொடங்கி, சில வாரங்களில் புற்றுநோய் சிகிச்சையையும் சேர்ப்பார்கள். டிபி மருந்தின் ஆறு மாதம் முடியட்டும் என்று புற்றுநோயைத் தள்ளிப்போடக் கூடாது. அப்புறம் ஒன்று: டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து எர்லோடினிப், ஜெஃபிடினிப் போன்ற புற்றுநோய் மாத்திரைகளின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். அதனால் ஒரு டாக்டர் எழுதிய சீட்டை மற்றவரிடம் கட்டாயம் காட்டுங்கள். இரண்டு மருந்தும் கல்லீரலைப் பாதிக்கலாம், அடிக்கடி இரத்தப் பரிசோதனை தேவை.

கேள்வி (ஊட்டி): எஸ்டேட் லயன் வீட்டில் (வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடு) பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: புற்றுநோய் தொற்றாது. டிபி காற்றில் பரவும், ஆனால் மருந்து பலித்தால் சில வாரங்களில் பரவுவது வெகுவாகக் குறையும். குளிருக்கு ஜன்னலைச் சாத்தியே வைக்கும் ஊர் நம்முடையது. பகலிலாவது திறந்து வையுங்கள். பிள்ளைகளைப் பரிசோதித்து, தேவையானால் தடுப்பு மாத்திரை வாங்குங்கள்.

கேள்வி (குன்னூர்): சத்தான சாப்பாட்டுக்கு உதவி உண்டா?

பதில்: உண்டு. டிபி மருந்து இலவசம். சிகிச்சைக் காலத்தில் சாப்பாட்டுக்கு மாதம் 1000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன் அது 500 ரூபாயாக இருந்தது. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.