நெல் அறுவடை மெஷின் டேங்கில் ஆகர் சீக்கிரம் தேயாமல் இருக்க என்ன செய்யலாம்?

அம்பாசமுத்திரம் பக்கம் கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் மெஷின் ஓட்டுவதாகவும், டேங்கைக் காலி செய்யும் ஆகர் (குழாய்க்குள் சுழன்று நெல்லைத் தள்ளும் திருகுத் தண்டு) சீக்கிரம் தேய்வதாகவும் கேட்டிருக்கிறீர்கள். முதல் காரணம் நெல்தான். உமியில் சிலிக்கா அதிகம்; உப்புத்தாள் போல இரும்பை அராவும். சாய்ந்த பயிரை மண்ணோடு வாரினால் கேட்கவே வேண்டாம். பயிரை அறுக்கும் கட்டர் பாரைக் கொஞ்சம் உயர்த்துங்கள், வைக்கோல் குறைந்தாலும் சரி.

டேங்க் காலியான பிறகு ஆகரைச் சுற்றவிடாதீர்கள். தினமும் இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்த பிறகே அடிமூடியைத் திறந்து மண்ணைத் தள்ளுங்கள். விரல்கள் போன பிறகு வருந்திப் பயனில்லை.

அப்புறம், பேரிங் ஆடினாலோ தண்டு வளைந்தாலோ சுருள் தகடு ஒரு பக்கமாகக் குழாயில் உரசும். பலர் இதைப் பார்க்காமலே புது ஆகர் மாட்டுகிறார்கள். விளிம்பு கத்திபோல் ஆனால் நெல்லும் உடையும். அதற்கு முன்பே தேய்மானம் தாங்கும் வெல்டிங் வையுங்கள்.