கெத்செமனேயின் கலக்கம் மெய்யானதா?

கேள்வி: தாம் மூன்றாம் நாளில் உயிர்த்தெழப்போவது இயேசுவுக்கு முன்னரே தெரியும். அப்படியிருக்க, அவர் பட்ட பாடுகளை நம்மைப் போன்றவர்களின் வேதனையோடு எவ்வாறு ஒப்பிடுவது? புற்றுநோயால் மறைந்த என் தாயார் கடைசி நாட்களில் மரணத்தை எண்ணி மிகவும் பயந்தார். அது விசுவாசக் குறைவு என்று சபையார் சிலர் சொன்னது இன்றும் என்னை வருத்துகிறது.
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: அன்புள்ள சகோதரி அவர்களுக்கு, இந்தக் கேள்வி மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய செல்சஸ் என்பவர், தேவனாயிருப்பவர் சாவுக்கு அஞ்சிப் புலம்புவாரா என்று இயேசு கைதாவதற்குமுன் கெத்செமனே தோட்டத்தில் செய்த ஜெபத்தைச் சுட்டியே ஏளனம் செய்தார். அவருக்கு இயேசு தேவனாயிருக்க முடியாத அளவுக்கு மனிதராகத் தெரிந்தார். உங்களுக்கோ நம்மில் ஒருவராயிருக்க முடியாத அளவுக்குத் தேவனாகத் தெரிகிறார்.

சுவிசேஷங்கள் இந்தக் கலக்கத்தை மறைக்கவில்லை. பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகிய மூவரையும் அழைத்துச்சென்ற இயேசு, தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கம் கொண்டிருப்பதாகச் சொல்லி, தரையிலே விழுந்து, வரவிருந்த பாடுகளாகிய அந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி வேண்டினார் என்று மாற்கு 14ஆம் அதிகாரம் கூறுகிறது. சாக்ரடீஸ் சலனமின்றி நஞ்சை அருந்தியதைப் போற்றிய கிரேக்க உலகில், தம் ஆண்டவரை உயர்த்திக்காட்ட விரும்பிய எவரும் இப்படியொரு காட்சியைக் கற்பனை செய்து சேர்த்திருக்கமாட்டார்கள்.

இருந்தும், அந்தத் துன்பம் வெறும் தோற்றமே என்று சொன்னவர்கள் தொடக்க காலத்திலேயே இருந்தார்கள். ரோமாபுரியில் மிருகங்களுக்கு இரையாகக் கொண்டுசெல்லப்பட்ட அந்தியோகியாவின் பிஷப் இக்னேஷியஸ், கிறிஸ்து பாடுபட்டது தோற்றம்தான் என்றால் நான் ஏன் விலங்கு பூண்டிருக்கிறேன் என்று வழியிலிருந்து எழுதிய கடிதங்களில் கேட்டார். 451இல் சபைத் தலைவர்கள் கூடிய கல்சிதோன் சங்கம் இயேசுவை மெய்யான தேவனும் மெய்யான மனிதனுமானவர் என்று அறிக்கையிட்ட பிறகும் சிக்கல் தீரவில்லை. ஏழாம் நூற்றாண்டில், அவருக்கு இருந்தது ஒரே சித்தம், அதுவும் தெய்வீகச் சித்தமே என்ற போதனை அரச ஆதரவோடு பரவியது. அது உண்மையானால், "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்ற ஜெபத்தில் கீழ்ப்படிவதற்கு அங்கே ஒரு மனித மனமே இல்லை. அந்த ஜெபம் பிறர் பார்ப்பதற்கான நடிப்பாகிவிடும். கிறிஸ்துவுக்கு மனிதச் சித்தமும் உண்டு என்பதை விட்டுக்கொடுக்க மறுத்த மாக்சிமுஸ் என்ற முதிய துறவியின் நாவும் வலக்கையும் வெட்டப்பட்டன என்று வரலாறு சொல்கிறது. 662இல் அவர் நாடுகடத்தப்பட்ட நிலையில் இறந்தார். 680-81இல் கூடிய கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் அவருடைய நிலைப்பாட்டையே ஏற்றது.

இனி, முன்னறிவைப் பற்றி. இயேசு ஞானத்தில் வளர்ந்தார் என்று லூக்கா எழுதுகிறார். உலக முடிவின் நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் என்று இயேசுவே சொன்னதாக மாற்கு எழுதுகிறார். ஆகவே அவருடைய மனித மனம் எவ்வளவு அறிந்திருந்தது என்பதில் சபைப் பிதாக்கள் எனப்படும் ஆதித் திருச்சபை ஆசிரியர்களிடையேகூட ஒரே கருத்து இல்லை. உயிர்த்தெழுதலை அவர் உறுதியாக அறிந்திருந்தார் என்றே கொண்டாலும், முடிவு தெரிந்தால் வலி வலியாக இராது என்பது சரியல்ல. அதே இரவில் அவர் பிரசவ வேதனைப்படும் ஸ்திரீயைப் பற்றிச் சீஷரிடம் பேசினார் என்பது யோவான் 16ஆம் அதிகாரத்தில் உள்ளது. பிள்ளை பிறக்கும் என்று அறிந்திருப்பதால் அவளுடைய வேதனை குறைந்துவிடுவதில்லை.

வலியின் அளவை ஒப்பிடும் வழியில் நான் உங்களை அழைத்துச்செல்ல விரும்பவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலப் பிரசங்கங்களில் சவுக்கடிகளையும் ஆணிகளையும் விரிவாக வருணித்து, இவரைப்போல் வேதனைப்பட்டவர் உலகில் எவருமில்லை என்று நிறுவ முயல்வது எனக்கு ஒருபோதும் உடன்பாடானதில்லை. கி.மு. 71இல் ஸ்பார்டகஸின் கலகம் ஒடுக்கப்பட்டபோது, கப்புவாவிலிருந்து ரோமாபுரிவரை சாலையோரமாக ஏறத்தாழ 6,000 அடிமைகள் சிலுவையில் அறையப்பட்டார்கள். சிலுவையில் நாட்கணக்கில் தொங்கியவர்களும் உண்டு; இயேசுவோ சில மணி நேரத்தில் இறந்தார், அவர் அதற்குள் மரித்துவிட்டாரா என்று பிலாத்துவே ஆச்சரியப்பட்டான். அவருடைய வலியே மிகப் பெரியது என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் ஆதாரமன்று. தேவகுமாரனாகிய அவரே அந்த வலிக்குள்ளும் அதற்கு முந்தைய பயத்துக்குள்ளும் எதையும் விலக்கிக்கொள்ளாமல் முழுமையாக வந்தார் என்பதே அது. மனித இயல்பில் கிறிஸ்து எதைத் தம்மோடு சேர்த்துக்கொள்ளவில்லையோ அதைக் குணமாக்கவும் இல்லை என்று நான்காம் நூற்றாண்டு இறையியலாளரான நசியான்சுஸ் கிரிகோரியார் வாதிட்டார். அந்த வாதத்தின்படி, பயம் அவரைத் தீண்டாதிருந்தால் நம் பயத்துக்கு அவரிடம் மருந்தில்லை.

உங்கள் தாயாரைப் பற்றி. இயேசு எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவராயிருந்தார் என்று எபிரெயர் நிருபம் 4:15 கூறுகிறது; அடுத்த அதிகாரமோ, தம்மை மரணத்திலிருந்து இரட்சிக்க வல்லவரை நோக்கி அவர் பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம் செய்ததைச் சொல்கிறது. இரண்டையும் ஒருங்கே ஏற்கும் எவரும் மரண பயத்தைப் பாவமென்றோ விசுவாசக் குறைவென்றோ சொல்ல வழியில்லை. உங்கள் தாயாரைக் குறைகூறியவர்கள் அந்தத் தீர்ப்பை முதலில் கெத்செமனேயில் முகங்குப்புற விழுந்து கிடந்தவர்மேல் கூற வேண்டியிருக்கும்.