நியூயார்க்கின் அன்றாட உச்ச வெப்பநிலையின் மீது பணம் கட்டித் தொடர்ந்து லாபம் பார்க்க முடியுமா?

கேள்வி கேட்டவர் கீழே ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறார்: வானிலை முன்கணிப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஏப்ரல், மே இரண்டு மாதமும் பணம் கட்டாமல் தாளில் மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்ததில் நல்ல லாபம் வந்தது, இனி உண்மையான பணத்தை இறக்கலாமா என்று. நீங்கள் மென்பொருள் வேலையில் இருப்பவர், குழந்தைகள் தூங்கிய பிறகு மடிக்கணினியைத் திறப்பவர், விரிதாளில் பச்சை நிறம் கூடக்கூட உங்கள் மேல் உங்களுக்கே நம்பிக்கை கூடிக்கொண்டிருப்பவர் என்று ஊகிக்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும். ஜெர்சி சிட்டியில் ஏழு மாதம் நான் அப்படித்தான் இருந்தேன் என்பதால் இந்த ஊகம்.

நேரடியான பதில்: சிலரால் முடிகிறது, என்னால் முடியவில்லை. நாள் கணக்கில் பார்த்தால் பாதிக்கும் மேற்பட்ட நாள்கள் வென்றிருக்கிறேன். பணக் கணக்கில் பார்த்தால் 610 டாலர் நட்டம். இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படி நேரும் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

கால்ஷி போன்ற கணிப்புச் சந்தைகளில், அதாவது நடக்கப்போவதன் மீது பணம் கட்டும் இணையச் சந்தைகளில், ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலைக்கும் ஆறு வாய்ப்புகள் இருக்கும். நடுவில் உள்ள நான்கும் இரண்டிரண்டு ஃபாரன்ஹீட் டிகிரி அகலம் கொண்டவை; இரண்டு ஓரங்களிலும் ‘இதற்குக் கீழே’, ‘இதற்கு மேலே’ என்று திறந்தபடி ஒவ்வொன்று. ஒரு வாய்ப்பின் மீது நீங்கள் வாங்கும் ஒவ்வொரு சீட்டும் ஓர் ஒப்பந்தம். வென்ற ஒப்பந்தத்துக்கு 1 டாலர், தோற்றதற்கு ஒன்றுமில்லை. 30 சென்ட் விலை என்றால் அது நடக்க 30 விழுக்காடு சாத்தியம் இருப்பதாகச் சந்தை நினைக்கிறது என்று பொருள். முடிவைத் தீர்மானிப்பது உங்கள் கைப்பேசியில் தெரியும் எண் அல்ல, அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை வெளியிடும் அன்றாடக் காலநிலை அறிக்கை. அங்கே நியூயார்க் என்றால் சென்ட்ரல் பூங்கா. 1920 முதல் பூங்காவின் பெல்வெடெர் கோட்டை அருகேதான் அளக்கிறார்கள். சுற்றிலும் மரங்கள் அடர்ந்த இடம் என்பதால் கோடைப் பிற்பகல்களில் லகார்டியா விமான நிலையத்தைவிட அங்கே வெப்பம் குறைவாகப் பதிவாவது வழக்கம். சிகாகோ என்றால் ஓஹேர் விமான நிலையம் என்று எண்ணிப் பணம் கட்டிவிட்டு, பிறகு மிட்வே என்று தெரிந்துகொண்டவர்களும் உண்டு. ஊரின் பெயரை மட்டும் பார்த்துக் கட்டுவது கல்யாண மண்டபத்தின் பெயர் தெரியாமல் மொய்க் கவரோடு கிளம்புவதைப் போன்றது.

இதில் முதல் சங்கடம் எளிய கணக்கிலேயே இருக்கிறது. நாளைய உச்ச வெப்பநிலைக்கான நல்ல முன்கணிப்புகூட இரண்டு, மூன்று டிகிரி பிசகுவது இயல்பு, வாய்ப்பின் அகலமோ இரண்டே டிகிரி. அதாவது, நீங்கள் நம்பியிருக்கும் கருவியின் பிழை, நீங்கள் குறிபார்க்கும் வட்டத்தைவிடப் பெரியது. மூன்று கிலோமீட்டர் கட்டங்களில் மணிக்கொரு முறை புதுப்பிக்கப்படும் கணினி வானிலை மாதிரியை நீங்கள் பார்க்கிறீர்கள் என்றால், எதிரில் இருப்பவரின் நிரலும் அதையே உங்களுக்குச் சில நொடிகள் முன்னதாகப் பார்த்துவிடுகிறது. ஆகவே முன்கணிப்பில் யாரையும் முந்த முடியாது என்பது எனக்கு முதல் மாதமே புரிந்துவிட்டது. புரியாமல் போனது வேறொன்று.

பிப்ரவரி மாதம் ஓர் இரவு ஒன்பது மணி. மறுநாள் உச்சம் 41 டிகிரி என்று வானிலைச் சேவையின் பக்கத்தில் தெளிவாக இருந்தது. சந்தையிலோ ‘44 அல்லது அதற்குக் கீழே’ என்ற வாய்ப்பை 9 சென்ட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் முட்டாள்களா என்று எனக்குள் சிரித்துக்கொண்டே ஆயிரம் ஒப்பந்தம் வாங்கினேன், 90 டாலர். காலை ஆறரைக்கு எழுந்து பார்த்தால் என் வாய்ப்பின் விலை 1 சென்ட். வெளியே இன்னும் விடியவில்லை. நள்ளிரவு கடந்தபோது பூங்காவில் 49 டிகிரி இருந்திருக்கிறது. அதன் பிறகுதான் குளிர்க்காற்று வந்து வெப்பக்காற்றைத் தள்ளியிருக்கிறது. முன்கணிப்பில் ‘நாளைய உச்சம்’ என்று போடுவது பகல் நேரத்துக்கானது. காலநிலை அறிக்கையின் நாளோ நள்ளிரவிலேயே தொடங்கிவிடுகிறது. சூரியன் உதிப்பதற்கு முன்பே அன்றைய உச்சம் முடிந்துபோயிருந்தது. பகலில் சொன்னபடி 41தான் வந்தது, முன்கணிப்பு பிசகவே இல்லை, என் 90 டாலர் மட்டும் போய்விட்டது.

அன்று மாலையே விதிமுறைகளை வரி விடாமல் படித்தேன். நாள் என்பது ‘உள்ளூர்த் திட்ட நேரப்படி’ (local standard time) நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்று அதில் இருந்தது. ‘நள்ளிரவு’ என்ற சொல்லை மனத்தில் பச்சை குத்திக்கொண்டேன். ‘திட்ட நேரம்’ என்ற சொல்லைக் கண் தாண்டிப் போய்விட்டது. பிப்ரவரியில் கடிகார நேரமும் திட்ட நேரமும் ஒன்றுதான் என்பதால், அது தாண்டிப் போனது எனக்குத் தெரியவும் இல்லை.

ஏப்ரல் கடைசியில் வந்தது இரண்டாவது சம்பவம். அன்று பகலெல்லாம் நல்ல வெயில், இரவு 11.51க்கு எடுத்த அளவில் பூங்காவில் 68 டிகிரி. நியூயார்க்கில் வசந்த காலத்தில் வடகிழக்குக் கடற்பக்கமிருந்து திடீரென்று குளிர்க்காற்று நுழைவதுண்டு; வழக்கமாக மேற்கிலிருந்து வரவேண்டியது எதிர்ப்பக்கமாக வருவதால் வானிலையாளர்கள் அதைப் ‘பின்வாசல்’ குளிர்க்காற்று என்பார்கள். அது வந்துகொண்டிருந்தது, மறுநாள் பகலுக்கு 56தான் முன்கணிப்பு. எனக்கோ பழைய பாடம் நினைவில் இருந்தது. மணி 12.10, கருவி இன்னும் 68 காட்டுகிறது, புது நாள் தொடங்கிவிட்டது, ஆகவே ‘61 அல்லது அதற்கு மேலே’ என்ற வாய்ப்பு வென்றாகிவிட்டது, மற்றவர்கள் தூங்குகிறார்கள். 6 சென்ட்டில் தொடங்கி விலை ஏற ஏற வாங்கினேன். 14 சென்ட் வரை போனது. மொத்தம் நாலாயிரம் ஒப்பந்தம், 400 டாலர். காலையில் 4,000 டாலர் என்று மனக்கணக்குப் போட்டுவிட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, மீந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். அதுவரை நான் ஒரே இரவில் கட்டிய அதிகபட்சம் 120 டாலர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஒரு மணி ஆவதற்குச் சற்று முன் மனைவி எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினாள். “என்னங்க, இப்படிச் சில்லுனு அடிக்குது, நீங்க அறுபத்தெட்டு அறுபத்தெட்டுன்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கீங்க” என்றாள். மணிக்கொரு முறை வரும் அளவுகளில் 12.51க்கானது வந்தது, 57 டிகிரி. “இனிமே எவ்வளவு இறங்குனாலும் கவலை இல்லம்மா, நமக்கு வேண்டியது பதிவாயிடுச்சு” என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

பதிவானது உண்மைதான், முந்தைய நாளின் கணக்கில். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். காலநிலை அறிக்கை அந்த மாற்றத்தைக் கண்டுகொள்வதில்லை, ஆண்டு முழுவதும் திட்ட நேரத்திலேயே நிற்கிறது. ஆகவே அந்த மாதங்களில் அதன் நாள் கடிகாரப்படி இரவு 1 மணிக்குத் தொடங்கி மறுநாள் இரவு 12.59 வரை போகிறது. நான் 12.10க்குப் பார்த்து வாங்கிய 68 முந்தைய நாளின் கடைசி மணி நேரத்தைச் சேர்ந்தது. அறிக்கையில் அன்றைய உச்சம் 57. எனக்கு 6 சென்ட்டிலிருந்து 14 சென்ட் வரை அலுக்காமல் விற்றுக்கொண்டே இருந்தவர் தூங்கவில்லை. இவ்வளவு மலிவாக ஏன் கொடுக்கிறார் என்று அந்த நேரத்தில் நான் ஒரு முறை கேட்டிருந்தால் போதும். பிப்ரவரியில் நள்ளிரவு கணக்கில் வரும் என்று தெரியாமல் இழந்தேன், ஏப்ரலில் அதே நள்ளிரவைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு இழந்தேன்.

இதைப் படித்துவிட்டு ‘சூதாடிவிட்டுக் கதை சொல்கிறான்’ என்று எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சந்தை அமெரிக்காவில் சரக்கு முன்பேர வணிக ஆணையத்தின் மேற்பார்வையில் நடப்பது. சிகாகோ மெர்க்கன்டைல் சந்தை 1999 முதலே வெப்பநிலை ஒப்பந்தங்களை விற்று வருகிறது, மின்சார, எரிவாயு நிறுவனங்கள் அவற்றை வைத்துக் குளிர் குறைந்த பருவத்தின் வருமான இழப்பை ஈடுகட்டுகின்றன. என் 400 டாலர் அப்படிப்பட்ட இழப்புக் காப்பு அல்ல என்பதும் எனக்குத் தெரியும். மழை மேல் பந்தயம் கட்டுவது நம்மவர்களுக்குப் புதிதும் அல்ல. கல்கத்தாவின் படாபஜாரில் மார்வாடி வணிகர்கள் மழை பெய்து கூரைத் தூம்பு வழியுமா வழியாதா என்று கட்டிக்கொண்டிருந்ததை 1897இல் வங்காள அரசு சட்டம் போட்டுத் தடுத்தது.

கோயம்புத்தூரில் இருக்கும் என் மைத்துனர் இந்த விஷயம் தெரிந்ததும் குடும்ப வாட்ஸாப் குழுவில் எனக்குப் பட்டினத்தார் பாடலை அனுப்பினார். அவர் வாரந்தோறும் பங்குச் சந்தையில் ஆப்ஷன் வாங்கி விற்பவர். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் ஃபியூச்சர், ஆப்ஷன் வணிகம் செய்த தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டப்பட்டிருக்கிறார்கள் என்று இந்தியப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியே 2024 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டது. அவர் செய்தால் முதலீடு, நான் செய்தால் சூது. நான் வீட்டுச் செலவுப் பணத்தைத் தொடவில்லை, கடன் வாங்கவில்லை, மனைவிக்குத் தெரியாமல் எதுவும் செய்யவில்லை. அவரால் இந்த மூன்றையும் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. சரி, விட்டுவிடுகிறேன்.

நீங்கள் தாளில் போட்ட கணக்குக்கு வருகிறேன். அதில் இரண்டு ஓட்டைகள் இருக்கக்கூடும். ஒன்று, தாளில் நீங்கள் நினைத்த விலைக்கு நினைத்த அளவு கிடைத்துவிடும். நிஜத்தில் முதல் ஐம்பது ஒப்பந்தம்தான் அந்த விலைக்குக் கிடைக்கும், கட்டணமும் தனி. இன்னொன்று, வெப்பநிலையை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பது. தானியங்கி நிலையங்களின் ஐந்து நிமிட அளவுகள் முழு செல்சியஸ் எண்ணாக மாற்றப்பட்டு, திரையில் மறுபடி ஃபாரன்ஹீட்டாகக் காட்டப்படுகின்றன. உண்மையில் 87 டிகிரி இருந்தாலும் அது 31 செல்சியஸ் ஆகி, 87.8 என்று திரும்பி வந்து, 88 போலத் தோற்றமளிக்கும். 88 இருந்தாலும் அதே 31தான். ஜூன் மாதம் நான் ‘88–89’ வாங்கி, அறிக்கையில் 87 பார்த்தது இப்படித்தான். மணிக்கொரு முறை 51ஆம் நிமிடத்தில் வரும் அளவில் செல்சியஸின் பத்தில் ஒரு பங்கு வரை இருக்கும், 30.6 என்றால் 87, 31.1 என்றால் 88. மதியம் 1.51க்கும் மாலை 7.51க்கும் வரும் அளவுகளில் கடந்த ஆறு மணி நேரத்தின் உச்சமும் சேர்ந்து வரும் (குளிர்காலக் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் முன்னதாக). இவற்றைத்தான் நம்பலாம், ஆனால் அவை வந்த சில நொடிகளில் விலை நகர்ந்துவிடும், மனிதக் கை எட்டாது.

நீங்கள் இந்தியாவிலிருந்து கேட்கிறீர்கள் என்றால், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களுக்கு எதிராக 2025 ஆகஸ்ட்டில் ஒன்றியச் சட்டம் வந்திருக்கிறது. ஒரு வழக்கறிஞரிடம் கேட்காமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.

அமெரிக்காவில் இருக்கிறீர்கள் என்றால், பணம் இறக்கும் முன் உங்கள் விரிதாளைத் திறந்து, ஏப்ரல், மே மாத நாள்கள் அதில் இரவு 12 மணிக்குத் தொடங்குகின்றனவா 1 மணிக்கா என்று பார்த்து இங்கே எழுதுங்கள். 12 என்றால் அந்த இரண்டு மாதக் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.