மூணு மோட்டாருக்கும் டிரைவ் போட்டா கரண்ட் பில் பாதியாகுமா?

வாடிப்பட்டி பக்கம் ரைஸ் மில் வச்சிருக்க தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு: "அண்ணே, 20 எச்பி ஹல்லர், 10 எச்பி புளோயர், 10 எச்பி எலிவேட்டர் ஓடுது, மூணுக்கும் விஎஃப்டி மாட்டுனா பில்லு பாதியாகும்ங்கிறாங்க, நம்பி காசு போடலாமா?"

விஎஃப்டிங்கிறது மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ், அது மூணுக்கும் வேணாம் தம்பி. ஹல்லரை விட்ருங்க, அது ஃபுல் லோடுல ஒரே வேகத்துல ஓடுற மெஷின், வேகத்தைக் குறைச்சா அரவையும் குறையும், மூட்டைக்கு ஆகுற யூனிட் அப்படியேதான் இருக்கும், டிரைவ் தன் பங்குக்கு ரெண்டு மூணு சதவீதம் சூடாவே தின்னுரும்.

காசு புளோயர்லதான் போகுது. மேலூர் பக்கம் ஒரு மில்லுல பாத்தேன், டேம்பர் (காத்தை அடைக்கிற தகரக் கதவு) கைப்பிடிய பாதி மூடுன எடத்துல கட்டுக்கம்பி போட்டு முறுக்கி வச்சிருக்காங்க, கம்பியே துருவேறி ஒட்டிப்போச்சு, அப்ப எத்தனை வருசமா காத்தை முழுசா உண்டாக்கிட்டு தகரத்தை வச்சு அடைச்சிட்டிருக்காங்கன்னு நெனச்சுப் பாருங்க, மனசு கேக்கல. ஃபேனுக்கு வேகம் 80 சதவீதம் ஆனா பவர் 51 சதவீதம் ஆயிரும், ஏன்னா அது வேகத்தோட மும்மடிக்கு (0.8 x 0.8 x 0.8) ஏறி இறங்குது. டேம்பர் மூடும்போதும் பவர் கொஞ்சம் கொறையும், அதனால மிச்சம் அப்படியே பாதி வராது, ஆனா நல்லாவே வரும்.

உங்களுக்கு எப்பவும் ஒரே அளவு காத்துதான் வேணும்னா டிரைவே வேணாம், பெல்ட் புளோயர்தானே, மோட்டார் பக்கம் சின்ன புல்லி மாத்திட்டு டேம்பரை முழுசா திறந்து விடுங்க, வேலை முடிஞ்சுது. நெல்லுக்கு நெல் காத்து மாத்துவீங்கன்னா மட்டும் டிரைவ் போடுங்க. போட்டா மோட்டார்ல இருக்க கேபாசிட்டரை கழட்டிரணும், டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவுல கேபாசிட்டர் இருந்தா டிரைவ் போயிரும். தவிட்டுத்தூசி படாத ரூம்ல வைங்க.

பக்கெட்ல நெல்லை மேலே தூக்குற எலிவேட்டருக்கு 10 எச்பி தேவையான்னு பாருங்க. டாங் டெஸ்டர்ல (ஒயரைக் கவ்விப் பாக்குற மீட்டர்) ஆம்பியரை மட்டும் பாத்து ஏமாறாதீங்க, சும்மா சுத்துற மோட்டாரே ஃபுல் லோடு ஆம்பியர்ல மூணுல ஒரு பங்கு இழுக்கும், அது காந்தம் உண்டாக்குற கரண்ட், யூனிட்டா பெருசா ஏறாது. பிளக்குல சொருகுற பவர் சேவர் பொட்டி ஆம்பியரைக் குறைச்சுக் காட்டுறதும் இப்படித்தான். கிலோவாட் காட்டுற மீட்டர் வச்சு அளங்க. லோடு மூணுல ஒரு பங்குக்கும் கீழன்னா மோட்டார் காயில் இணைப்பை டெல்டாலருந்து ஸ்டாருக்கு மாத்தி ஓட்டலாம், ஒவ்வொரு காயிலுக்கும் வோல்டேஜ் கொறஞ்சு இரும்பு நட்டம் (உள்ள இருக்க இரும்புத் தகடுல சூடா வீணாகுற கரண்ட்) கொறையும். ஆனா இழுவையும் மூணுல ஒண்ணாயிரும், பக்கெட்ல நெல் நெறைஞ்சிருக்கப்ப ஸ்டார்ட் ஆகாது, ஓவர்லோடு ரிலேவை (ஆம்பியர் எல்லை மீறுனா மோட்டாரை நிறுத்துறது) 14 ஆம்பியர்லருந்து 8க்கு இறக்கலன்னா லோடு ஏறுறப்ப காயில் கருகிரும்.

மோட்டாருக்கு காயில் கட்டிருந்தா ஒண்ணு கேளுங்க: பழைய கம்பிய எடுக்க நெருப்பு வச்சாங்களா? வச்சிருந்தா உள்ள தகடுகளுக்கு நடுவுல இருக்க பூச்சு எரிஞ்சிருக்கலாம், எரிஞ்சிருந்தா மோட்டார் காலத்துக்கும் கூடுதலா யூனிட் தின்னும், அந்த மோட்டாருக்கு டிரைவ் வாங்குற காசை புது ஐஇ3 (கரண்ட் கம்மியா தின்னுற தரம்) மோட்டார்ல போடுங்க.