சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: தூரமும் நேரமும் (கேள்வி பதில்)

கேள்வி: சாங்கியிலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு 8,288 மைல் என்று ஓரிடத்திலும் 9,537 மைல் என்று வேறோரிடத்திலும் போட்டிருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரி. முன்னது கடல் மைல், பின்னது தரை மைல். கிலோமீட்டரில் ஏறத்தாழ 15,350.

கேள்வி: அதை 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் 17 மணி நேரம்தான் வருகிறது. பயணச்சீட்டில் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறார்களே, ஐயா?

பதில்: சிங்கப்பூர் கிழக்கே 104 பாகையிலும் நியூயார்க் மேற்கே 74 பாகையிலும் இருப்பதால், இரண்டும் உருண்டையின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்துள்ளன, எனவே மிகக் குறுகிய வழி சீனா, மங்கோலியா, சைபீரியா வழியாக வட துருவத்தை ஒட்டிச் செல்கிறது. நீங்கள் வகுத்தது அந்த வழியின் தூரத்தை. விமானமோ பெரும்பாலும் வட பசிபிக்கைக் கடந்து, மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டத்தைப் பின்காற்றாகப் பிடித்துக்கொண்டு போகிறது. பக்கத்திலுள்ள நியூவார்க்குக்கு 2018-இல் சேவை மீண்டும் தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அறிவித்த தூரம் ஏறத்தாழ 16,700 கிலோமீட்டர். இதனுடன் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் இறங்கியபின் வாயிலை அடைவதும் பயணச்சீட்டு நேரத்தில் அடங்கும். தூரத்தை வேகத்தால் வகுத்து, அந்த விடையை நம்பி இணைப்பு விமானத்தைப் பதிவு செய்யாதீர்கள்.

கேள்வி: திரும்பும்போது அதே வழிதானா?

பதில்: அன்றைய காற்றைப் பொறுத்தது. பல நாள்களில் அட்லாண்டிக்கைக் கடந்து, மறுபடியும் கிழக்கு நோக்கியே பறந்து சிங்கப்பூர் சேர்கிறது. எதிர்காற்றில் எரிபொருளைக் கரைப்பதைவிடச் சுற்று வழி மேல்.

கேள்வி: பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. மேற்கே பறந்தால் சேருமிடமே நம்மை நோக்கி வரவேண்டுமே? காற்று என்பதெல்லாம் சமாளிப்பாகத் தோன்றுகிறது.

பதில்: நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. உங்கள் கணக்கு மெய்யானால், சாங்கிக்கு மேலே அரை மணி நேரம் அசையாமல் நிற்கும் ஹெலிகாப்டர் சுமத்ராவைத் தாண்டி இந்தியப் பெருங்கடலில் அல்லவா இறங்க வேண்டும்? தரையும் வளிமண்டலமும் விமானமும் சேர்ந்தே சுழல்கின்றன.

கேள்வி (அவரே): ஜெட் காற்றோட்டம் உருவாவதே பூமியின் சுழற்சியால்தானே? அப்படியானால் நான் சொன்னதுதானே சரி?

பதில்: முதல் வாக்கியம் சரி, இரண்டாவது சரியன்று. வெப்ப மண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு காற்றை நகர்த்துகிறது. சுழற்சி அதைக் கிழக்கே திருப்புகிறது. ஆகவே சுழற்சியால் விளையும் பயன் கிழக்கே பறப்பவருக்கே கிடைக்கிறது. நீங்கள் சொன்னது மேற்கே பறப்பவருக்கு. உங்கள் கூற்றுக்கு இது நேர் எதிரானது.

கேள்வி: இரவு 11 மணிக்குக் கிளம்பினால் எப்போது சேர்வோம்?

பதில்: பதினெட்டரை மணி நேரம் என்று கொண்டால், சிங்கப்பூரில் மறுநாள் மாலை 5.30. குளிர்காலத்தில் நியூயார்க் 13 மணி நேரம் பின்தங்கியிருப்பதால் அங்கே அதே நாள் அதிகாலை 4.30, கோடையில் வித்தியாசம் 12 மணி நேரமே.

கேள்வி: சென்னையிலிருந்து எவ்வளவு நேரம்?

பதில்: எங்கே மாறுகிறீர்கள், அங்கே எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கால அட்டவணையைப் பாருங்கள்.

கேள்வி: தூரத்தை 900-ஆல் வகுத்தால் போதாதா?

பதில்: போதாது. இரண்டாவது கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.